பேச்சுப் பாடம்

"இதுல எது கண்ணு சீக்கிரம் முடியும்?"

திருமூர்த்தி சாப்பாட்டு மேஜையில் இரண்டு புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்தார். ஒன்று ஒல்லியானது. ஆசிரியர் இல்லாமல் பிரெஞ்சு பேசப் பழகுவதற்கு. உச்சரிப்பெல்லாம் தமிழ் எழுத்திலேயே போட்டிருந்தது. இன்னொன்று செங்கல் கனம். முழுக்க இலக்கணமும் பயிற்சியும். இது போதாதென்று செல்போனில் ஒரு ஆப் வேறு. அது பிரெஞ்சில் ஒரு வாக்கியம் பேசிக் காட்டி, நம்மைத் திருப்பிச் சொல்லச் சொல்லும்.

மகள் வர்ஷினி யோசிக்கவே இல்லை. தடிப் புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"இதுதானுங்கப்பா சரி. மொதல்ல எழுத்து, அப்பறம் இலக்கணம். பேச்செல்லாம் கடேசீல."

"பேசறதுக்குத்தானே கண்ணு படிக்கறேன்?"

"அடிப்படை இல்லாமப் பேசுனா தப்புத் தப்பா வருமுங்கப்பா."

சொல்லிக்கொண்டே அவருடைய போனை எடுத்து, அந்த ஆப்பை அழித்துவிட்டாள்.

சோபாவில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் கதிர்வேலுக்குச் சுருக்கென்றது. மாமனாருக்காக அந்த ஆப்பைத் தேடிப் போட்டுக் கொடுத்ததே அவன்தான்.

திருமூர்த்தி முதலிபாளையத்தில் பனியன் காலர் பின்னும் யூனிட் நடத்துபவர். எட்டாவதோடு படிப்பை விட்டவர். மனைவி இல்லை. ஒரே மகன் தரணீதரன் பிரான்சுக்குப் படிக்கப் போய், அங்கேயே வேலை கிடைத்து, எலோடி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். பேத்தி இனியாவுக்குப் பிரெஞ்சைத் தவிர வேறு பாஷை வராது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மகன் நடுவில் உட்கார்ந்து, தாத்தா சொல்வதைப் பேத்திக்கும் பேத்தி சொல்வதைத் தாத்தாவுக்கும் மாற்றிச் சொல்வான்.

போன வருஷம் அவன் கார் விபத்தில் செத்துப்போனான்.

அதற்குப் பிறகு எலோடி ஒரே ஒரு தடவைதான் வீடியோவில் கூப்பிட்டாள். ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்க்கும் வர்ஷினி, சரக்கு வாங்கும் பிரெஞ்சு பையர்களோடு பேசுவதற்காக அந்த மொழியைப் படித்தவள். அன்றைக்கு அப்பா பக்கத்தில் இருந்தது அவள்தான்.

"மருமக என்ன கண்ணு சொல்லுச்சு?" என்று அவர் கேட்டதற்கு, "உங்களைப் பிரெஞ்சு கத்துக்கச் சொல்றாங்கப்பா. நல்லாப் பேச வந்ததுக்கப்பறம் கூப்பிடோணுமாம்" என்றாள்.

அன்றிலிருந்து மனிதருக்கு இதே நினைப்புதான்.

"இப்பெல்லாம் போனே மாத்திச் சொல்லிருதுங்களே மாமா. எதுக்குங்க இத்தனை சிரமம்?" என்றான் கதிர்வேல்.

"போனு பேசறதுக்கு நான் எதுக்குங்க மாப்பிள்ளை? அவ அப்பன் சின்னதுல என்னென்ன சேட்டை பண்ணுனான்னு நான் என் வாயால சொல்லோணும். இல்லீன்னா அந்தப் புள்ளைக்கு அப்பன் முகமே மறந்துருமுங்க."

"இருங்க, காப்பி கொண்டாறேன்" என்று சமையலறைக்குள் போய்விட்டார்.

கதிர்வேல் மனைவியை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"நீயெல்லாம் ஒரு பொண்ணா? பையர்கிட்ட மணிக்கணக்காப் பேசற. பெத்த அப்பனுக்கு நாலு வார்த்தை சொல்லித் தர முடியாதா?"

வர்ஷினி வாசல் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"சொல்லித் தராததோட உட்டியா? சொல்லித் தர்றதையும் அழிச்சுட்ட. அவரு தலையில பாறாங்கல்லாட்டம் ஒரு புத்தகத்தைத் தூக்கி வெக்கற. என்ன, பேத்தி மேல பாசம் முத்திச் சொத்தை அவ பேருக்கு எழுதிருவாருன்னு பயமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"அன்னைக்கு எலோடி என்ன சொன்னாங்க தெரியுங்களா?"

"அதான் சொன்னியே."

"நான் சொன்னது பொய்யிங்க."

உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"'உங்க முகத்தைப் பார்த்தாவே புள்ளைக்கு அப்பா நெனப்பு வந்துருது. நாள் முழுக்க அழுகறா. நான் வேற கல்யாணம் பண்ணிக்கப் போறேன். அவ எல்லாத்தையும் மறக்கோணும். தயவுசெஞ்சு இனிமேல் எங்களைக் கூப்பிடாதீங்க.' இதாங்க அவங்க சொன்னது. அடுத்த நாள் நான் மறுபடியும் கூப்பிட்டுப் பார்த்தேன். அந்த நம்பரே இல்லீங்க."

கதிர்வேல் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டான்.

"அவங்க சொல்லி முடிக்கற வரைக்கும் அப்பா தலையை ஆட்டிட்டு, சிரிச்ச முகமாவே கேட்டுட்டிருந்தாரு. அண்ணன் அவருக்குச் சொல்லிக் குடுத்தது ஒரே ஒரு வார்த்தைங்க. கையெடுத்துக் கும்பிட்டு அதைச் சொன்னாரு. 'மெர்சி, மெர்சி'ன்னு."

"அப்படின்னா?"

"நன்றிங்க."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பேச வந்த அன்னைக்கே அவரு கூப்பிடுவாருங்க. அன்னைக்கோட அவருக்கு எல்லாம் முடிஞ்சு போயிரும். படிக்கற வரைக்குமாவது ஒரு பேத்தி இருக்கட்டுமே."

திருமூர்த்தி காப்பியோடு வந்தார். அக்குளில் அந்த ஒல்லிப் புத்தகம்.

"மாப்பிள்ளை, நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்தச் சின்னதையே எடுத்துக்கட்டுங்களா? கண்ணு முழிச்சுப் படிச்சா தீபாவளிக்குள்ள பேசிருவனுங்க."

கதிர்வேல் காப்பியை வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை.

"வேண்டாங்க மாமா. வர்ஷினி சொல்றதுதான் சரி. பெருசே படிங்க."

"அப்படீன்னா பேத்தியோட பேசறதுக்கு நெம்ப நாளாகுமுங்களே?"

"ஆகட்டுங்க மாமா" என்றான் கதிர்வேல், அவர் முகத்தைப் பார்க்காமல். "பொறுமையாவே படிங்க."