ஒரே வரி எழுதிய இருபத்தாறு பேர்

பதினாலாவது தாளிலும் அதே வரி வந்தபோது சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

விடைத்தாள் திருத்தும் முகாமில் அன்று ஏழாவது நாள். கழுத்து வலி தோளுக்கு இறங்கி, தோளிலிருந்து முழங்கைக்கு வந்திருந்தது. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் ஐம்பத்து நாலு வயது இடுப்பை மடக்கி வைத்துப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும். மின்விசிறி சுற்றுவதாகப் பேர், அவ்வளவுதான்.

கேள்வி ரொம்பச் சின்னது. பழைய தலைநகர் ஏன் அழிந்தது? இரண்டு மதிப்பெண்.

விடைக்குறிப்பில் இருந்ததும் இரண்டே சொல்: எதிரிகளின் படையெடுப்பு. பாடப்புத்தகத்திலும் அதேதான். அதை எழுதினால் இரண்டு, வேறு எதை எழுதினாலும் சைபர். மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

இந்தக் கட்டில் ஒரு பிள்ளையாவது அதை எழுதிவிட்டுப் பேசாமல் அடுத்த கேள்விக்குப் போயிருக்கக் கூடாதா?

கோட்டைக்குச் செங்கல் சுட மலைக்காட்டை வெட்டினார்களாம். மரம் போனதும் மழை மண்ணைக் கரைத்து ஆற்றில் கொண்டுவந்து கொட்டியதாம். ஆறு மேடாகி வேறு பக்கம் திரும்பிவிட்டதாம். கடைசியில் அந்த வரி: 'எதிரிகள் ஆற்றைக் கடந்து வரவில்லை, ஆறு இருந்த இடத்தில் நடந்து வந்தார்கள்.'

ஒரு வார்த்தை பிசகவில்லை. மிச்சம் பன்னிரண்டு தாளையும் புரட்டினேன். அதே வரி.

முதன்மைத் தேர்வாளர் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். நாங்கள் எல்லாரும் சீஃப் என்றுதான் கூப்பிடுவோம். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் இடுப்பு வலி.

"கட்டு முழுக்க ஒரே வரியா? பார்த்து எழுதின கேஸ்தான் டீச்சர், சந்தேகமே வேண்டாம். ஃபாரத்தை எடுங்க."

ஃபாரம் என்றால் முறைகேடு அறிக்கை. அது போனால் இருபத்தாறு பேருக்கும் ரிசல்ட் நிற்கும். விசாரணை முடிவதற்குள் மேல்வகுப்புச் சேர்க்கை முடிந்துவிடும். ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்த பிள்ளைகளில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் பக்கமே திரும்ப மாட்டார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முழுசாகப் படித்துவிட்டு எடுக்கிறேன் என்றேன். ஏழு நாளில் முதல் தடவையாக விடைத்தாளைத் திருத்தாமல் படித்தேன்.

'எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஒரு நாள் வைத்தோம். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மண் நின்றது' என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. இன்னொன்று ஒன்றரை விரல் என்றது. மரங்கள் இருக்கும் பக்கமாகப் போய்ப் பிடித்த பிள்ளையின் பாட்டிலில் நகக்கண் அளவுதானாம். ஒரு மகானுபாவர், 'என் பாட்டில் கவிழ்ந்துவிட்டது, ஆனால் மற்றவர்கள் சொன்னதை நம்புகிறேன்' என்று எழுதியிருந்தார்.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். காப்பி அடிக்கிறவன் எவனாவது கவிழ்ந்த பாட்டிலைக் காப்பி அடிப்பானா?

யாரோ ஒரு ஆசிரியர் இத்தனை பேரையும் வாய்க்காலுக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். வரலாற்றுப் பாடத்துக்கு, கையில் பாட்டிலோடு! தலைமையாசிரியரிடம் எவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டாரோ. அந்த முகம் தெரியாத ஆள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

சீஃபிடம் பாட்டில் வரிகளைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். முகம் இளகிவிட்டது, பாவம்.

"எனக்கும் புரியுது டீச்சர். ஆனா அந்தக் கடைசி வரி எங்கேர்ந்து வந்துச்சு? புத்தகத்துல இல்ல, நோட்ஸ்ல இல்ல. இதுதான் மூலம்னு ஃபாரத்துல காட்டினா புள்ளைங்களை விட்டுடுவாங்க. இல்லேன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

மூலம் இருந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பாடப்புத்தகத்தின் முதல் வரைவு நடத்திப் பார்ப்பதற்காகச் சில பள்ளிகளுக்குப் போனது. அதில் மலைக்காடு, செங்கல், ஆறு என்று அந்தப் பாடம் மூன்று பக்கம். முடிவில் அந்த வரி. வாய்க்காலில் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கும் பயிற்சிகூட இருந்தது. 'இது வரலாறா, புவியியலா? சுருக்கவும்' என்று மேலிருந்து ஒரு குறிப்பு வந்தது. எழுதிய ஆள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அலுப்பு. மூன்று பக்கத்தையும் அடித்து இரண்டு சொல்லாக்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியாயிற்று.

எங்கோ ஒரு ஆசிரியர் மட்டும் அந்த வரைவைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறார்.

இருபத்தாறு தாளிலும் இரண்டு இரண்டு மதிப்பெண் போட்டேன். விடைக்குறிப்பை மீறினால் மெமோ நிச்சயம். தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் என் முறை வந்திருக்கும் நேரம் வேறு. போனால் போகட்டும் என்று தோன்றியது. நிஜமாகவே தோன்றியது.

பிறகு ஃபாரத்தை எடுத்து, 'எதிலிருந்து எழுதப்பட்டது' என்ற கட்டத்தில் வரைவின் ஆண்டையும் பக்க எண்ணையும் நிரப்பினேன். பக்கத்தில் 'அதை எழுதியவர்' என்று ஒரு கட்டம். அதையும் நிரப்பினேன்.

சீஃப் எட்டிப் பார்த்தார்.

"அய்யோ டீச்சர், உங்க பேரை கீழ எழுதணும். கட்டம் மாறிப்போச்சு பாருங்க."

"மாறல சார்" என்றேன்.

கீழேயும் ஒரு தடவை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.