மூச்சுப் பயிற்சி

"கண்ணை மூடுங்கோ. மூச்சை மட்டும் கவனியுங்கோ. மணி அடிக்கிறவரை ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது."

இனக்கலவரம் ஓய்ந்த கையோடு, கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மன அமைதி கற்பிக்க வந்திருந்தார் அம்பிகைபாகன். இரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளைகூட மூச்சுக் காட்டவில்லை. மனுஷனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மணியடித்துவிட்டு, முன்வாங்கில் இருந்த சிறுமியிடம் கேட்டார்:

"கஷ்டமா இருந்ததே, பிள்ளை?"

"லேசு சேர். அம்மா முந்தியே பழக்கிட்டாங்க. கண்டி பஸ்ல ஏறினா இறங்குற வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது. தமிழ்னு தெரிஞ்சா அடிப்பாங்களாம்."

"அதெல்லாம் வீண்பயம். மனம் அமைதியா இருந்தா பயமே வராது."

மாலையில், நிறைந்திருந்த கண்டி பஸ்ஸில், பின்னால் இருந்த வகுப்பாசிரியை பாயிஸா தமிழில் உரக்கக் கேட்டார்:

"சேர், பயிற்சி எப்படிப் போச்சு?"

அம்பிகைபாகன் கண்ணை மூடி, மூச்சை மட்டும் கவனித்தார்.