யார் பந்தை எறிவது?

ஞாயிறு காலை வெயில் உணவகத்து மேசைகளில் சாய்ந்து விழுகிறது. ஊர்க் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி ஐந்தாவது ஆட்டத்தையும் தோற்றுவிட்டது. அடுத்த வாரம் குவாட்டர்பேக்காக நின்று பந்தை எறியப்போவது பழைய ட்ரெவரா, புதிதாக வந்த மைக்காவா என்று மேசை முழுக்க ஒரே வாக்குவாதம். "ட்ரெவர் எறியுற பந்து எதிராளி கைக்குத்தான் நேரா போகுது!" என்கிறார் லாரி ஓட்டும் வெண்டல். தபால்காரர் ஆர்வில் மட்டும் காப்பி ஊற்றுகிற நாடீனையே பார்க்கிறார். ட்ரெவரின் அம்மா அவள். இத்தனையும் கேட்டும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லையே! "நீயா இருந்தா யாரை இறக்குவ, நாடீன்?" என்று கேட்டேவிடுகிறார். "மைக்காவைத்தான்," என்கிறாள் அவள். "என் பிள்ளையால சட்டையைக்கூட தலை வழியா மாட்ட முடியல. தோள் போச்சு. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான்." வெண்டல் எழுந்து, அவள் கையிலிருந்த காப்பிக் கூஜாவை மெல்ல வாங்கிக்கொள்கிறார்.