ஏழால் பெருக்கினால்

செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரி, கண்ணுகளா. நெஞ்சுவலியோடு வந்த வெங்கடேஸ்வரனின் மணிக்கட்டில் 142857 என்று அச்சிட்ட பட்டையைக் கட்டினார்கள். மறுநாள் அதே பட்டையில் 285714 என்று இருந்தது. மூன்றாம் நாள் 428571. யாரும் அதைக் கழற்றி மாற்றவில்லை.

"ரெண்டால பெருக்கியாச்சு, மூணால பெருக்கியாச்சு. அதே ஆறு இலக்கம்தான் இடம் மாறி வரது, பாத்தியோ?" என்று மனைவி வாலாம்பாளிடம் சிரித்தார். கணக்கென்றால் அவருக்குப் பைத்தியம்.

"ஏழால பெருக்கினா?"

"வெறும் ஒன்பதுதான். என்னோட இலக்கம் ஒண்ணுகூட மிஞ்சாது."

ஆறாம் நாள் 857142. அன்றே வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர்.

"இப்பவே போயிடலாம்டீ." இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"நன்னாருக்கு! நவமில யாராவது ஆத்துக்குள்ள கால் வெப்பாளா? நாளைக்கு தசமி. ஒரு நாள்தானே, பொறுங்கோ."

தசமியன்று காலை வாலாம்பாள் சலவை வேட்டியோடு வந்தாள். கட்டிலில் விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது.

"யாரைத் தேடறீங்க, ஆன்ட்டி? இந்தக் கட்டில் ஒரு வாரமா காலி" என்றாள் நர்ஸ். ரிஜிஸ்டரிலும் அவர் பெயர் இல்லை.

தலையணைமேல் பட்டை கிடந்தது. யாரும் வெட்டாமல், வட்டமாக, 999999 என்ற எண்ணோடு. வாலாம்பாள் அதன் உள்பக்கத்தைத் தொட்டாள். இன்னும் உடம்புச்சூடு இருந்தது.