பெரியவன் பங்கு

"இந்த ஈரத் துண்டை நாற்காலி மேல போட்டது யாருடா?"

அப்பாவின் குரல் கூடத்தை அதிர வைத்தது. கடை திறக்கக் கிளம்பிய பெரியவனுக்கு உள்ளூர ஒரு குஷி. துண்டு தம்பியுடையது. இன்றைக்காவது மாட்டினான்!

"நான்தாம்ப்பா" என்றான் சின்னவன், டீயை உறிஞ்சியபடி.

அப்பாவின் முகம் சட்டென்று மாறியது. "அட, நீயா? பரவால்ல, பரவால்ல." அதே வேகத்தில் இந்தப் பக்கம் திரும்பினார். "ஏண்டா பெரியவனே, ரெண்டு நாள் இருக்கலாம்னு வந்தவனுக்குத் துணி காயப்போடற கொடி எங்க இருக்குன்னு காட்ட மாட்டியா?"

"அவன் இந்த வீட்டுலதாம்ப்பா பிறந்தான். கொடியும் அதே இடத்துலதான் இருக்கு."

"எதிர்த்துப் பேசு. அது ஒண்ணுதான் குறைச்சல்."

பெரியவன் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

வீட்டின் முன்பக்கத்திலேயே அவர்களுடைய படச்சட்டக் கடை. அளப்பது, அறுப்பது, ஆணி அடிப்பது எல்லாம் பெரியவன். குறை சொல்வது அப்பா. காலையில் ஆரம்பித்தால் விளக்கணைக்கிற வரை ஓயாது. அதுகூடப் பழகிவிட்டது. ஆனால் வேறு ஊரில் உத்தியோகம் பார்க்கும் சின்னவன் எப்போதாவது சனி, ஞாயிறுக்கு வந்து இறங்கினால் போதும், அப்பா வேறு ஆளாகிவிடுவார். குரல் பஞ்சாகிவிடும். இஸ்திரி போட்ட சட்டைதான் உடுத்துவார். பெரியவனின் கட்டில் சின்னவனுக்கு. பெரியவனுக்குப் பாய்.

இந்த முறை பெரியவன் ஒரு முடிவோடு இருந்தான். ஊரின் மறுகோடியில் ஒரு பெரிய கடையில் தங்க அறையும் கொடுத்து அவனைக் கூப்பிடுகிறார்கள். அப்பாவைத் தம்பி தலையில் கட்டிவிட்டுப் போய்விட வேண்டியதுதான். அவ்வளவு செல்லம் என்றால் அவனோடேயே இருக்கட்டுமே! ஞாயிறு சாயங்காலம், பஸ் ஏற்றிவிடும்போது சொல்லிவிடலாம்.

மத்தியானம் சின்னவன் கடைக்குள் வந்தான். "நான் வெட்டறேண்ணா" என்று கண்ணாடி வெட்டும் கட்டரை எடுத்தான். அண்ணன் தடுப்பதற்குள் ஒரு இழுப்பு. கண்ணாடி கோணலாக ஓடி இரண்டாகப் பிளந்தது. வாடிக்கையாளர் மாலையில் வாங்க வரப்போகிற கல்யாணப் படத்துக்கு வைத்திருந்த கண்ணாடி.

அப்பா ஓடி வந்தார். "கையைக் காட்டு, காட்டு! கீறலையே? அப்பாடா." அடுத்த நொடி, "பெரியவனே! கட்டரை இவன் கைக்கு எட்டற மாதிரியா வைப்பே?"

"அவனுக்கு வயசு முப்பதுப்பா!"

"உனக்கு முப்பத்தஞ்சு. புத்தி வந்துச்சா?"

பெரியவன் துடைப்பத்தை எடுத்து வந்தான். சின்னவனோ உடைந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றான். எவ்வளவு அமுக்கமான ஆள் என்று நினைத்துக்கொண்டான் பெரியவன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை தன் குடும்பத்தோடு சாப்பிட வந்தாள். வீடே சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. சாப்பிட்டு எழுந்த அத்தை எண்ணெய்க் கையோடு குழாயைத் திருகினால், சொட்டுத் தண்ணீர் இல்லை.

"பின்பக்கக் குழாயை நான்தான் மூடாம விட்டுட்டேன்" என்றான் சின்னவன், எல்லோர் காதிலும் விழும்படி.

"அதுக்கென்ன, வீடுன்னா அப்படித்தான்" என்றார் அப்பா. "பெரியவனே, தொட்டியை ஒரு தடவை எட்டிப் பார்த்தா உன் கௌரவம் குறைஞ்சுடுமா?"

"ஏண்ணே, மழை பெய்யலைன்னாலும் இவனைத்தான் கேப்பீங்க போலிருக்கே!" என்றாள் அத்தை.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சின்னவன் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செய்வதையும் செய்துவிட்டு நல்ல பிள்ளை வேஷம் வேறு!

சாயங்காலம் அப்பா வாசல் வரை வந்தார். சின்னவனின் கையைப் பிடித்துக்கொண்டு, "சிரமம் பார்க்காம வந்தியே, ரொம்ப சந்தோஷம்ப்பா" என்றார்.

இத்தனை வருஷத்தில் தனக்கு அப்படி ஒரு வார்த்தை கிடைத்ததுண்டா? பெரியவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

பஸ் நிறுத்தத்தில் பெட்டியை இறக்கி வைத்ததும் சொல்லிவிட்டான். "டேய், அப்பாவை உன்கூடக் கூட்டிட்டுப் போயிடு. நான் வேற கடைக்குப் போறேன்."

"ஏண்ணா, என்ன ஆச்சு?"

"அவருக்கு நீதாண்டா பிள்ளை. நான் சம்பளமில்லாத ஆள். தப்பு பண்றது நீ, வாங்கிக் கட்டிக்கறது நான். எத்தனை நாளைக்கு?"

சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான். "எல்லாமே வேணும்னுதாண்ணா செஞ்சேன்."

பெரியவனுக்கு ரத்தம் தலைக்கேறியது. "என்னை மாட்டிவிடவா?"

"இல்லண்ணா. சின்ன வயசுல நம்ம ரெண்டு பேரையும் நிக்க வெச்சுத்தானே திட்டுவாரு? இப்ப என்னை யாரோ எவரோ மாதிரி உபசாரம் பண்றாரு. சிரமம் பார்க்காம வந்தேனாம்... என் வீட்டுக்கு!" சின்னவனின் குரல் உடைந்தது. "இந்தத் தடவை ஒரே ஒரு திட்டாவது வாங்கிடணும்னுதான் வந்தேன். அதையும் எனக்கு விடாம நீயே வாங்கிக்கிட்டியேண்ணா."