கழுவிய கவர்கள்

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள் வினோலியா. துணிக்கொடி முழுக்கக் கழுவிய பிளாஸ்டிக் கவர்கள் தொங்கின.

"செத்த நேரம் உக்காரேன் வினோ. வேலைக்கும் போயிட்டு வந்து எதுக்கு இந்தப் பாடு?" என்றான் கணவன் ஸ்டீபன்ராஜ்.

"அழுக்கா குடுத்தா எரிச்சுருவாங்க. கார்பன் ஏறி பூமி சூடாகும். கழுவிக் குடுத்தாத்தான் மறுபடி உருக்கிப் புதுசு செய்வாங்க."

காலையில் குப்பை வண்டியோடு வந்த ஒச்சாயி, மூட்டையைப் பிரித்துப் பார்த்தாள்.

"இம்புட்டுச் சுத்தமா யாருமே குடுக்குறதில்ல தாயி. ஆனா பால் கவரு ஒரு கைப்பிடிதான் இருக்கு. மிச்சமெல்லாம் தண்ணி பாக்கெட்டு. வீட்ல ஏதும் விசேஷமா?"

"விசேஷமெல்லாம் இல்லக்கா. குழாயில தண்ணி வந்து ஒரு வாரமாச்சு" என்றாள் வினோலியா அலுப்போடு. "பால் கவரை வேற எதுலதான் கழுவுறது?"