மூணு கட்டை டார்ச்

"இன்னைக்கும் எரியலை!" சங்கையா டார்ச்சை உள்ளங்கையில் தட்டினார். பொழுது சாய்ந்துவிட்டது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகவேண்டும்.

அவர் மனைவி செல்லத்தாய்க்கு மருமகள்மீது பற்றிக்கொண்டு வந்தது. சத்து ஏறட்டும் என்று வத்தலோடு வெயிலில் காயவைத்த பேட்டரிக் கட்டைகளைச் சாயங்காலம் டார்ச்சுக்குள் போடுவது முத்துப்பேச்சி வேலை. தினமும் ஒரு கட்டையைத் தலைகீழாகப் போடுகிறாள்.

"ஏலே பெத்தணா, அச்சாபீஸ்ல மோட்டார் பாக்கிறவன்தானே நீ? உன் பொண்டாட்டி மண்டையில ஏறுற மாதிரி சொல்லுலே!"

பெத்தணன் தொண்டையைச் செருமினான். "இந்தா பாரு. மொட்டு உள்ள பக்கம் பிளஸ். தட்டை மைனஸ். ஒண்ணோட மொட்டு அடுத்ததோட தட்டையில முட்டணும். ஒண்ணு திரும்பிட்டா மத்ததை எதுத்துத் தள்ளும்."

"வோல்ட்டுன்னீகளே, அது?"

"தொட்டியில தண்ணி நிக்கிற உசரம் மாதிரி."

"ஆம்பியரு?"

"வாய்க்கால்ல எம்புட்டுத் தண்ணி ஓடுதுங்கிறது."

"நேத்தும் சொன்னீக. மறந்துட்டேன்."

"போதும்!" என்றார் சங்கையா. "நாளையிலருந்து நானே போட்டுக்கிறேன்."

மறுநாள் டார்ச் பளிச்சென்று எரிந்தது. பெத்தணன் வந்தான், சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டான், தீபாவளி லேபிள் ஆர்டர் என்று மறுபடி அச்சாபீஸுக்கு ஓடினான். பெரியவர்கள் எதிரில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது அந்த வீட்டில் வழக்கமில்லை. பாடத்துக்கு மட்டும்தான் விலக்கு.

அதற்கடுத்த நாள் காலையில் பக்கத்து வீட்டு இருளம்மாள் எரியாத டார்ச்சோடு வந்தாள். முத்துப்பேச்சி ஒரு கட்டையைத் திருப்பிப் போட்டுக் கண்மூடித் திறப்பதற்குள் எரியவைத்தாள். மாமியார் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியாது.

அடி கள்ளி! செல்லத்தாய்க்கு வாய்வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. அவளும் ஒரு காலத்தில் மருமகளாக இருந்தவள்தானே.

அன்று சாயங்காலம் சங்கையா டார்ச்சை அமுக்கினார். எரியவில்லை.

"நான் சரியாத்தானே போட்டேன்!"

"கிழிச்சீக! உங்களுக்கு அவளே தேவலை. இனிமே அவளே போடட்டும். ஏலே பெத்தணா, முதல்லருந்து நிதானமாச் சொல்லிக்குடு."

முத்துப்பேச்சி திகைத்துப்போய் மாமியாரைப் பார்த்தாள். தான் இன்று டார்ச்சைத் தொடவே இல்லையே!

செல்லத்தாய் அந்தப் பக்கமே திரும்பாமல், மத்தியானமே எண்ணெய் ஊற்றித் துடைத்து வைத்திருந்த அரிக்கேன் விளக்கைப் புருஷன் கையில் கொடுத்துத் தோட்டத்துக்கு அனுப்பினாள்.